இருபத்தேழு அங்குலம் தேடி

ஈரோட்டிலிருந்து கோயமுத்தூருக்கு நேர்வழி பெருந்துறை, அவிநாசி. கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிறவனுக்கு அந்த வழிதான் லாயக்கு. நான் வெள்ளோடு, சென்னிமலை, ஊத்துக்குளி, திருப்பூர் என்று சுற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் திரையை விற்கிறவர். திரையை நாள் முழுக்கப் பார்த்துப் பிழைக்கிறவர் வேறு ஆள். அந்த ஆளை முதலில் பார்த்துவிட்டுக் கடை ஏறலாம் என்று தோன்றியது. கொங்கு நாட்டில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. தறிக்குப் பூ வரைகிறவர், பனியனுக்கு அளவு போடுகிறவர், பம்புக்கு வார்ப்பு அச்சு வரைகிறவர் என்று ஊருக்கு ஊர் இருட்டறையில் ஒருவர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டில் இருப்பது 2015 வாக்கில் உதிரியாக வாங்கிப் பூட்டிய டெஸ்க்டாப். நான்காம் தலைமுறை ஐ3, 18.5 அங்குல மானிட்டர், குறுக்கே 1366 புள்ளி, நெடுக்கே 768. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பல வீடுகளில் இதே ஜாதகம்தான் இருந்தது. நான் அதில் பிழை திருத்துகிறேன். மகளுக்குக் கல்லூரி வேலை. மின் கட்டணம், ரயில் டிக்கெட், பத்திரத்துக்கு வில்லங்கம் பார்ப்பது என்று வீட்டு வேலை எல்லாம் அதில்தான். இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. நம்முடையது நாலு. "மாத்தறதே மாத்தறீங்க, கண்ணுக்கு எட்டறாப்ல பெருசா வாங்குங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பெரிசு என்றால் எவ்வளவு பெரிசு, அதைப் பெட்டியோடு சேர்த்து வாங்குவதா, தனியாகவா என்பதுதான் கேள்வி.

வெள்ளோட்டுக் குளத்தில் பறவைகள் இருந்தன. பேருந்து நிற்கவில்லை, நானும் இறங்கவில்லை.

சென்னிமலையில் தைப்பூசத் தேர் முடிந்து ஊர் ஓய்ந்திருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலை. உள்ளூரில் காது கேட்கிற இடமெல்லாம் தறிச் சத்தம். போர்வை என்றால் சென்னிமலை என்று ஆனதற்குக் கைத்தறிக் கூட்டுறவுதான் காரணம். அதை இங்கே வளர்த்தெடுத்த எம்.பி. நாச்சிமுத்து பத்மஸ்ரீ விருது பெற்றவர். தேர் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தறிக்காரர்களுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறவர் ஒருவர் மைத்துனருக்குப் பழக்கம். "வாங்ணா, உள்ளார வாங்க" என்று செருப்பைக் கழற்றச் சொல்லிக் கூட்டிப்போனார்.

அறையில் இரண்டு திரைகள். ஒன்று 27 அங்குல அகலத் திரை. அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய சதுர மானிட்டர், 17 அங்குலம், 1280-க்கு 1024. இப்போது படிக்கிற பிள்ளைகள் அப்படி ஒரு வடிவத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஓரத்தில் சட்டம் மஞ்சள் பூத்திருந்தது. பார்டரை நெடுக்குவாக்கில் பார்க்க அதுதான் தோது என்றார். "சி.பி.யு. இத்தோட எத்தனையோ மாத்தியாச்சுங்ணா. இது மட்டும் போகவே மாட்டேங்குது."

திரையில் ஒரு மயில். அவர் பெரிதாக்கப் பெரிதாக்க மயில் கலைந்து கட்டங்களாகிவிட்டது. ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்விக்கு விடை: இந்த ஊடை போகும்போது இந்தப் பாவு இழை எழ வேண்டுமா, வேண்டாமா? கறுப்புக் கட்டம் என்றால் கொக்கி எழும், வெள்ளை என்றால் எழாது. தறிமேல் இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கி இருந்தால் டிசைனும் குறுக்கே 240 கட்டத்துக்குள் அடங்க வேண்டும். மயிலுக்கு இன்னொரு இறகு வேண்டும் என்று கேட்டால் வேறு எங்காவது ஒரு இலையைத்தான் பறிக்க முடியும். முன்பு இதைக் கிராப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து அட்டை அடிப்பார்கள். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அட்டைகளைக் கோத்துத் தறிமேல் தொங்கவிட்டால், ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய கொக்கி மேலே எழும். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார் 1804-இல் செய்துகாட்டிய வித்தை. சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொள்ளத் திட்டமிட்டார். அமெரிக்காவில் 1890-இல் மக்கள்தொகைக் கணக்கைக் கூட்டிய ஹாலரித்தின் இயந்திரமும் ஓட்டை போட்ட அட்டையைத்தான் தின்றது. சென்னிமலைத் தறிக்குக் கம்ப்யூட்டர் அந்நியச் சரக்கு இல்லை.

அந்த அறையின் மூலையில் பழைய அட்டைக் கோவை ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், விளிம்பெல்லாம் எண்ணெயும் பஞ்சும் படிந்து தோல் மாதிரி வழவழப்பு. "அதத் தூக்கிப் போட மனசு வல்லீங்க. அந்த டிசைன் எந்த ஃபைல்லயும் இல்ல."

எனக்கு வேண்டியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். "இஞ்சப் பாக்காதீங்ணா, கட்டம் எத்தன தெரியுதுன்னு பாருங்க." அவர் முதலில் வாங்கிய 27 அங்குலத் திரை ஃபுல் எச்.டி. பழைய மானிட்டரைவிடப் பெரிதாக இருந்ததே தவிர, மயிலின் கட்டம் ஒவ்வொன்றும் பெருத்துப்போனது. கூடுதலாகத் தெரிந்தது கொஞ்சம்தான். அதைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டு, அதே அளவில் குவாட் எச்.டி. வாங்கினார். ஃபுல் எச்.டி. என்றால் 1920-க்கு 1080, திரை 22 அங்குலமானாலும் 32 அங்குலமானாலும் அவ்வளவுதான். குவாட் எச்.டி.யில் 2560-க்கு 1440. மொத்தப் புள்ளிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதல். கடைப் பலகைகளில் அங்குலத்தைப் பெரிய எழுத்திலும் இந்தப் புள்ளிக் கணக்கைப் பொடி எழுத்திலும் போடுகிறார்கள்.

ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கலாம் என்றால் கோவை வெயிலைத் தாங்கிக்கொண்டு அது வீடு வந்து சேராது. நேரே திருப்பூர்.

திருப்பூரில் நான் போனது மேல்மாடியில் இயங்கும் ஒரு சின்ன நிறுவனம். பேட்டர்ன் போட்டுக் கொடுப்பதும் மார்க்கர் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. பனியனின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என்று துண்டு துண்டாக வரைந்து, அதை எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று அளவேற்றி, எல்லாத் துண்டுகளையும் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்க வேண்டும். அந்த அடுக்குக்குப் பெயர் மார்க்கர். நீளம் பல மீட்டர். பிளாட்டரில் காகிதமாக வெளியே வந்து, மேசையில் விரித்த துணி அடுக்குமேல் போய் உட்காரும். துண்டுகளுக்கு நடுவே விரல் அகல இடைவெளி மிஞ்சினால் அது அத்தனையும் கட்டிங் வேஸ்ட். ஆயிரக்கணக்கில் உருப்படி ஓடும்போது யாருடைய லாபம் அந்த இடைவெளியில் போகிறது என்று கேட்கத் தேவையில்லை.

பேட்டர்ன் மாஸ்டருக்கு அறுபதை ஒட்டிய வயது. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மேல்வழியாக என்னைப் பார்த்தார். அவர் மானிட்டருக்கு அடியில் பனியன் அட்டைப்பெட்டியை மடித்துச் செருகி உயர்த்தியிருந்தார். கூடவே வரும் தாங்கி ஏறாது, இறங்காது. முன்னும் பின்னும் கொஞ்சம் சாயும், அவ்வளவே. "வாங்கறப்ப ஏத்தி எறக்கற ஸ்டாண்டாப் பாத்து வாங்குங்க சாமி. கழுத்து நம்முளுது." மேல்விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டக் கூடாது, கை நீட்டினால் திரையை விரல் நுனி தொட வேண்டும், அதற்குக் கிட்டே வேண்டாம் என்பது அவர் கணக்கு. அவரைப் போல இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்குத் திரை இன்னும் தாழ்ந்திருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கீழ்வில்லையில் பார்க்கத் தலையைத் தூக்கித் தூக்கியே நாள் போய்விடும். கண்ணாடி மாதிரி மினுமினுக்கும் திரையையும் அவர் ஒதுக்குகிறார். டியூப் லைட்டும் சன்னலும் அதில் தெரியும், துண்டின் ஓரக்கோடு தெரியாது.

நிறத்தைப் பற்றிக் கேட்டதும் பக்கத்து மேசையில் இருந்த மெர்ச்சண்டைசர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்கிரீன்ல பாத்து எந்த பையரும் கலர் ஓகே பண்ண மாட்டாங்க சார்." சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் என்கிற சாய மாதிரி துணித்துண்டாக வரும். அதை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கிலும், கடை வெளிச்சத்துக்கான டி.எல்.84 விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போகிற நிறம் இன்னொன்றில் காலை வாரிவிடும். அந்தப் பெட்டிக்குள் அவர் எனக்குக் காட்டிய இரண்டு நீலத் துண்டுகள் முதல் விளக்கில் இரட்டைப் பிள்ளைகள்; சுவிட்சைத் தட்டியதும் ஒன்று ஊதாப் பக்கம் சாய்ந்தது. பல கோடி ரூபாய்க்கு நிறம் விற்கிற ஊரே திரையின் நிறத்தை நம்புவதில்லை. வீட்டில் கல்யாண ஆல்பம் பார்ப்பதற்காகக் கூடுதல் காசு கொடுத்து, நூற்றுக்கு நூறு நிறம் காட்டும் மானிட்டர் வாங்க வேண்டாம் என்ற என் முடிவு அங்கே உறுதியானது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் வெளிறாத ஐ.பி.எஸ். பேனல் போதும்.

அவிநாசி தாண்டிக் கோவைக்குள் நுழையும்போது மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை. கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர், ஜி.டி. நாயுடு மேம்பாலம். திறந்தது 2025 அக்டோபர் 9. என் வீட்டு விண்டோஸுக்கு ஆதரவு முடிவதற்கு ஐந்து நாள் முன்பு. காரில் வருகிறவர்கள் மேலே பறந்துவிடுகிறார்கள். நான் ஏறிய பேருந்து நிறுத்தம் நிறுத்தமாக ஆளை இறக்கிக்கொண்டு கீழேதான் போனது. அதில் ஒரு லாபம், ஊரைப் பார்க்கலாம். நாயுடுவின் பெயர் தாங்கிய அருங்காட்சியகமும் இதே சாலையில்தான் இருக்கிறது. இந்தியாவில் மின் மோட்டார் செய்து காட்டியவர், சவரக்கத்தி செய்தவர், 1952-இல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகிற கார் செய்து உரிமம் கிடைக்காமல் விட்டவர். கழற்றிப் பார்க்க முடியாத எந்தப் பொருளையும் அவர் வீட்டுக்குள் விட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

கொடிசியா வளாகத்துக்குப் போகும் பிரிவு வந்தபோது 2010 ஜூன் ஞாபகம் வந்தது. 23 முதல் 27 வரை அங்கே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. கூடவே தமிழ் இணைய மாநாடும் அதே வளாகத்தில். யூனிகோடும் டேஸ்16-உம் தமிழுக்கான குறிமுறைகள் என்று அரசாணை வந்தது அப்போதுதான். அதுவரை ஒரு பத்திரிகை அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கட்டுரை அனுப்பினால் எழுத்துருவையும் கூட அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போய்ச் சேர்வது ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் கலந்த கூட்டு. குறிமுறைச் சண்டை ஒருவழியாகத் தீர்ந்தது. இன்றைக்குத் தமிழ் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் குற்றம் பெரும்பாலும் திரையுடையது.

காந்திபுரத்தில் முதலில் ஏறியது குளுகுளு ஷோரூம். நுழைந்ததுமே ஆல்-இன்-ஒன் வரிசை. பெட்டி தனியாக இல்லை, திரைக்குப் பின்னாலேயே எல்லாம் அடக்கம். "ஒரே ஒயர்தாங்க சார், டேபிள் சுத்தமா இருக்கும். வீட்டுக்கு இதுதாங்க ஃபாஸ்ட் மூவிங்." அழகாகத்தான் இருந்தது. விற்பனையாளரிடம் ஒன்று கேட்டேன்: ஐந்தாறு வருடம் கழித்து உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பழசாகிவிட்டால், இந்தத் திரையில் வேறு கம்ப்யூட்டரை மாட்ட முடியுமா? அவர் அதைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். எச்.டி.எம்.ஐ. துளை இருந்தது, வெளியே அனுப்ப மட்டும். உள்ளே வாங்காது. உள்ளே வாங்குகிற மாடல்களும் சில இருக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும்.

என் தயக்கத்துக்கு நல்ல சாட்சி ஆப்பிளின் 27 அங்குல ஐமேக். 2014-இல் 5120-க்கு 2880 புள்ளியோடு வந்தபோது அவ்வளவு கூர்மையான திரை வீட்டு மேசைகளில் கிடையாது. அதற்கு முந்தைய சில ஐமேக்குகளை வேறு கணினிக்குத் திரையாக மாட்டிக்கொள்ள வழி இருந்தது. 5கே வந்ததும் அந்த வழி அடைபட்டது. 2022 மார்ச்சில் 27 அங்குலமே நின்றுபோய், இப்போது அந்த வரிசையில் 24 அங்குலம் மட்டும். பத்து வருடம் ஆகியும் கண்ணாடி மாதிரி இருக்கிற அந்தத் திரைகள், உள்ளே இருக்கிற சில்லுக்கு வயதானதால் ஓய்வு பெறுகின்றன. விண்டோஸ் ஆல்-இன்-ஒன்களில் ஏழாம் தலைமுறை வரை வாங்கியவர்களுக்கும் 2025 அக்டோபரில் இதே கதி. சென்னிமலைக்காரரின் மஞ்சள் பூத்த சதுர மானிட்டர் இந்தப் பளபளப்பைவிடக் கெட்டிக்காரத்தனம்.

அடுத்தது பெரிய லேப்டாப். மகளின் கட்சி இது. 17.3 அங்குல லேப்டாப் ஒன்றை விரித்துவைத்தார்கள், மேசையே நிறைந்த மாதிரி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் பரப்பு சுமார் 128 சதுர அங்குலம். வீட்டில் இருக்கும் பழைய 18.5 அங்குல மானிட்டரின் பரப்பு 146. பெரிய திரை வேண்டுமென்று புறப்பட்டு, இருப்பதைவிடச் சின்னதை வாங்கி வருவதா? 27 அங்குலம் என்றால் 311. மூலைக்கு மூலை அளப்பதால் இந்த வித்தியாசம் காதில் விழுவதில்லை. தவிர, லேப்டாப்பில் திரை கீபோர்டோடு ஒட்டியே இருக்கிறது. திருப்பூர் மாஸ்டரின் கழுத்துக் கணக்கு அங்கே செல்லாது.

டி.வி.யையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. எங்கள் ஒறம்பரையிலும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி., மானிட்டர்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியதால் அவர் குரலுக்கு வலு கூடியிருக்கிறது. மலிவான 32 அங்குல எச்.டி. ரெடி டி.வி.யில் அங்குலத்துக்கு 49 புள்ளிதான் தேறும். கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து அதில் படித்தால் எழுத்துக்குப் பதில் மணிதான் தெரியும். 43 அங்குல 4கே டி.வி. பரவாயில்லை, அங்குலத்துக்கு 102. ஆனால் பல டி.வி.க்கள் கம்ப்யூட்டர் முறைக்கு மாற்றாவிட்டால் நிற விவரத்தைச் சுருக்கி, எழுத்தின் ஓரங்களில் சாயம் பூசிவிடும். அதோடு அவ்வளவு பெரியதின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போகக் கழுத்தைத் திருப்ப வேண்டும். 27 அங்குலத்துக்கு இந்த வரிக் குறைப்பால் எதுவும் இல்லை. 32 வரைக்கும் முன்பே 18 சதவீதம்தான்.

கடைசியாக நுழைந்தது மாடிப்படிக்கு அடியில் தொடங்கி மேலே விரியும் பழைய மாதிரிக் கடை. வெறும் மானிட்டர்களும் உதிரி பாகங்களும். முதலாளி கல்லாவில் இருந்தபடியே கேட்டார், "வீட்டுக்குங்களா, கேமிங்களா?" எழுத்துக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். பென் டிரைவில் கொண்டுபோயிருந்த ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அது நான் திருத்துகிற பத்திரிகைப் பக்கம் ஒன்று, சின்ன எழுத்தில் ணகர னகரம் நிறைந்தது.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 27 அங்குலம். ஃபுல் எச்.டி.யில் அங்குலத்துக்கு 82 புள்ளி. என் பழைய மானிட்டரில்கூட 85. அதில் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, 'ன'வுக்கும் அதற்கும் அகலத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. 'ணூ' வந்த இடத்தில் ஒரு கறுப்புப் புழு. ஆங்கில எழுத்து இதைத் தாங்கும். அதற்குச் சுழி குறைவு. அடுத்த திரை குவாட் எச்.டி., அங்குலத்துக்கு 109. சுழிகளுக்கு நடுவே வெள்ளை தெரிந்தது. எழுத்து பொடியாகிவிட்டதே என்று முதலாளி சொன்னார். அமைப்பில் போய் 125 சதவீதம் ஆக்கினோம். இப்போது எழுத்து என் வீட்டு மானிட்டரில் இருக்கும் அதே உயரம். ஆனால் ஒவ்வொன்றையும் வரையக் கூடுதல் புள்ளிகள். இடமும் பழையதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், கையெழுத்துப் படியையும் திருத்தியதையும் பக்கம் பக்கமாக வைக்கலாம். பிழை திருத்துகிறவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 27 அங்குலத்திலேயே 4கே-யும் இருந்தது, 163 புள்ளி. அச்சுக்கு நிகரான தெளிவு. விலையும் கையைக் கடித்தது, பழைய சின்ன இயந்திரங்கள் அதை ஓட்டத் திணறவும் கூடும். விட்டுவிட்டேன்.

முதலாளி கணக்குப் போட்டார். ஃபுல் எச்.டி. 12,000-ஐ ஒட்டி, குவாட் எச்.டி. 20,000-ஐ ஒட்டி. குவாட் எச்.டி.க்கு ஏறி இறங்கும் தாங்கி உண்டு, யு.எஸ்.பி.-சி துளை வழியே லேப்டாப்புக்கு 65 வாட் மின்சாரமும் கொடுக்கும். மகள் பின்னால் ஒரு லேப்டாப் வாங்கிவந்து உட்கார்ந்தாலும் ஒரே கேபிளில் இதே திரை அவளுக்கு. இரண்டு கட்சிக்கும் சமாதானம்.

இனிப் பெட்டி. புதிதாகப் பூட்டுவதாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. "மெமரி வெலையக் கேக்காதீங்க. காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு." ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்குச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரும் தொழிற்சாலைகளைத் திருப்பிவிட்டதால் வீட்டுக் கணினிக்கான ராம் 2025 கடைசியிலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. மைக்ரான் தன் குருஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வீட்டில் ஒரு ராம் சில்லுப் பலகை கிடந்தால் பத்திரமாக எடுத்துவையுங்கள் என்று அவர் சொன்னது பாதி விளையாட்டு.

அப்புறம் கீழே குனிந்து, தடிமனான புத்தக அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மினி பி.சி. ஐ.டி. கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாக வெளியே தள்ளும் சரக்கு, துடைத்து, எஸ்.எஸ்.டி. மாற்றி, ஒரு வருட உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். பத்தாம் தலைமுறை ஐ5, 16 ஜி.பி. ராம் ஏற்கெனவே உள்ளே. விண்டோஸ் 11 ஏறும். புது ராமின் விலையைப் பார்த்தால், உள்ளே இருக்கும் ராமுக்காகவே வாங்கலாம் போலிருந்தது. மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஒரே ஒரு திருகு. ராம் இரண்டு துளை, எஸ்.எஸ்.டி. ஒரு துளை, மின்விசிறி தனியாகக் கழன்றது. விசிறி இறக்கையில் யாரோ ஒரு சரவணம்பட்டி ஐ.டி.காரர் மேசையின் தூசு கொஞ்சம் மிச்சமிருந்தது. பின்பக்கம் டிஸ்ப்ளே போர்ட் துளைதான் இரண்டு. அதற்கேற்ற கேபிளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மானிட்டரின் முதுகில் 100-க்கு 100 மில்லிமீட்டரில் நான்கு திருகு ஓட்டை இருக்கிறது. தகட்டைப் பூட்டினால் பெட்டி அங்கேயே தொங்கும். ஆல்-இன்-ஒன்னின் அழகும் வந்தது, கழற்றவும் முடிகிறது.

மின்சாரக் கணக்கும் சாதகம். 2012 வாக்கில் கோவையும் ஈரோடும் நாளில் பாதி இருட்டில் கிடந்தபோது, அப்போதைய டவர் பெட்டிக்கென்று வாங்கிய யு.பி.எஸ்., திருத்தியதைச் சேமிப்பதற்குள் மூச்சை விட்டுவிடும். இந்த மினி பி.சி.க்கு அடாப்டரே 65 வாட். வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கு, விசிறியோடு இதுவும் ஓடும்.

பழைய டவரை எடைக்குப் போட மாட்டேன். லினக்ஸ் போட்டால் அது இன்னும் சில வருடம் ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. 18.5 அங்குல மானிட்டரை நெடுக்குவாக்கில் திருப்பி இரண்டாம் திரையாக வைக்கிற யோசனையும் இருக்கிறது. இதைச் சென்னிமலைக்காரரிடம் போனில் சொன்னேன். ஒரு வார்த்தைதான் பதில்: "அப்புடித்தானுங்க."

மானிட்டர் பெட்டியைப் படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும் என்று முதலாளி வாசல் வரை வந்து சொன்னார். காந்திபுரத்தில் ஈரோட்டு வண்டியில் கடைசி வரிசைக்கு முன்னால் இடம் பிடித்து, பெட்டியைக் காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டேன். மினி பி.சி. தோள் பையில், துண்டு சுற்றி. நடத்துநர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"டி.வி.ங்களாண்ணா?"

"கம்ப்யூட்டருங்க."

"மானிட்டரு மட்டுந்தான் தெரியுது. சி.பி.யு. மேல போட்டிருக்கீங்களா? அதுக்கும் சேத்தித்தான் லக்கேஜு."

பையைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தவர், டிபன் பாக்ஸ் அளவுகூட இல்லை என்று பக்கத்து சீட்டுக்காரரிடமும் காட்டினார். அவிநாசி வரும் வரை அந்த வண்டியில் அதன் விலை என்ன, எங்கே வாங்கினது, விண்டோஸ் 11 ஏறுமா என்று விசாரணை நடந்தது. லக்கேஜ் டிக்கெட் ஒன்றுதான் கிழித்தார்.